கிணற்றடிக் கொடியும் பலூன் போத்தலும்: வலிகாமத்து முந்திரிகைத் தோட்டம் ஒன்றைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்தக் குடும்பத்தை எனக்கு 2020இலிருந்து தெரியும். நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவன். யாழ்ப்பாணத்தில் பழரசம், ஊறுகாய், ஜாம் என்று வீட்டளவில் தொழில் செய்பவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. அவர்களின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் இல்லை. எழுதியதை ஐயா, அம்மா, மகள், மகன் நால்வரும் வாசித்துவிட்டார்கள். ஐயா இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னார், அம்மா ஒரு இடத்தில்.

முந்திரிகை என்று நான் சொல்வது திராட்சையை. தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்கள் பாயசத்தில் போடும் பருப்பை நினைத்துவிட வேண்டாம். அதற்கு எங்கள் பக்கம் கஜு என்று பெயர்.

பின்னணி

தோட்டம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில், செம்பாட்டு மண்ணில் இருக்கிறது. ஆறு பரப்பு. பதினாறு பரப்பு ஒரு ஏக்கர் என்பதால், ஏக்கரில் மூன்றில் ஒன்றைவிடச் சற்றுக் கூட. குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரைக் கிணற்றிலிருந்து இறைத்துத்தான் தோட்டச் செய்கை நடக்கிறது. கொங்கிறீற்றுத் தூண் நட்டு, கம்பி இழுத்துப் பந்தல் போட்டிருக்கிறார்கள். இனம் இஸ்ரேல் புளூ, இங்கே பெரும்பாலான தோட்டங்களில் இருப்பதும் அதுதான். கொடியைக் கத்தரித்து ஏறத்தாழ நாலு மாதத்தில் குலை வெட்டலாம், வருடத்தில் இரண்டு போகம் எடுக்கலாம்.

ஐயாவுக்கு எழுபது கடந்துவிட்டது. கத்தோலிக்கக் குடும்பம். பதினாறு வயதில் துறவிகள் நடத்திய ஒரு தோட்டத்தில் வேலைக்குப் போய் முந்திரிகை பழகியவர். யாழ்ப்பாணத்தில் முந்திரிகையும் துறவிகளும் சேர்ந்து வருவது புதிதில்லை. வசாவிளானுக்கு அருகே தோலகட்டியில் 1928இல் தொடங்கிய செபமாலைதாசர் ஆச்சிரமத்தின் வைனையும் நெல்லிரசத்தையும் அறியாத வீடு குறைவு. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது வெங்காயமும் மிளகாயும் நல்ல விலைக்குப் போயின. அந்தக் காசில் ஐயா தன் சொந்தப் பந்தலைப் போட்டார்.

மகள் 1980இல் பிறந்தவர், இப்போது கனடாவில். மகன் 1990இல் பிறந்தவர், தோட்டத்தைப் பார்ப்பவர் அவர்தான். இந்தப் பத்து வருட இடைவெளி பின்னால் முக்கியமாகிறது.

தோட்டத்தின் கதையாக ஐயா எல்லோருக்கும் சொல்வது இது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போரால் வலிகாமமே இடம்பெயர்ந்து கிளம்பியபோது அவர்களும் பக்கத்துப் பகுதியான தென்மராட்சிக்குப் போனார்கள். அதற்கு முந்திய வருடங்களிலேயே குடாநாட்டுக்குள் எரிபொருளும் உரமும் வரத் தடை இருந்ததால் தோட்டம் இளைத்துப் போயிருந்தது. 1996 சித்திரையில் திரும்பி வந்து பார்த்தால் பந்தல் சரிந்து, கொடியெல்லாம் காய்ந்து கிடந்தது. கிணற்றடியில் நின்ற ஒரு கொடி மட்டும் அடியிலிருந்து துளிர்த்திருந்தது. "அந்த ஒண்டில இருந்துதான் தம்பி இந்த முழுத்தோட்டமும்."

நான் முதன்முதல் போன அன்றும் இதைத்தான் சொன்னார். கேட்டுத் தலையாட்டினேன். குறிப்பேட்டிலும் எழுதினேன், சரிபார்க்கவில்லை.

2020: நீல டிரம்

2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. பழம் சித்திரையில் முற்றியது. சந்தை இல்லை, கொழும்புக்கு லொறி இல்லை. முந்திரிகை வாழைக்குலை மாதிரி அல்ல, வெட்டிய பிறகு பழுக்காது. கொடியில் விட்டால் அணிலுக்கும் வௌவாலுக்கும் போகும். ஒழுங்கையில் உள்ள வீடுகளுக்குக் கொடுத்தும் மிஞ்சியது எண்பது கிலோ. வைன் போடலாம் என்று மகன் முடிவெடுத்தார். எப்படி என்று அப்பாவிடம் கேட்டார்.

ஐயா சொன்னது மூன்று விசயம். காம்பை எடுத்துவிட்டுக் கையால் பிசைய வேண்டும். சீனி ஒரு கரண்டிகூடச் சேர்க்கக்கூடாது. மூடி இறுக்கக்கூடாது, அது மூச்சுவிட வேண்டும். இருநூறு லீற்றர் நீலப் பிளாஸ்டிக் டிரம் ஒன்றைக் கழுவி, பிசைந்ததை ஊற்றி, மேலே நுளம்பு வலையைக் கட்டினார்கள். டிரம் அரைவாசிக்கும் குறைவாகவே நிறைந்தது. தகரக் கொட்டிலுக்குள் வைத்தார்கள், ஆறு வாரம்.

ஆனியில் மகன் ஒரு சோடாப் போத்தலில் கொஞ்சம் கொண்டுவந்து, "அண்ணை, இதைத் திருத்தலாமோ?" என்று கேட்டார். மூடியைத் திறக்க முதலே வினாகிரி மணம். அதோடு நகப்பூச்சு மணமும் கலந்திருந்தது.

என்ன நடந்தது

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. பழத்தில் இருக்கும் சீனியை மதுவம் (ஈஸ்ட்) மதுசாரமாக்குகிறது. காற்றுக் கிடைத்தால் இன்னொரு வகைப் பக்டீரியா அந்த மதுசாரத்தை அசற்றிக் அமிலமாக்குகிறது, அதுதான் வினாகிரி. முதல் சில நாட்கள் நுரைத்துப் பொங்கும்போது வெளிவரும் காபனீரொட்சைட்டே மேலே படர்ந்து காற்றைத் தள்ளி வைக்கும். ஆகவே ஐயா சொன்ன "மூச்சு" அந்த நாட்களுக்குச் சரி. பொங்கல் அடங்கிய பிறகு அந்தக் காவல் போய்விடும். அதன்பின் பாத்திரத்தைக் கழுத்துவரை நிரப்பி, காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும். அரை டிரம் வெறுமையாகக் கிடந்தது, வலையின் கண்ணுக்குள்ளால் சின்னப் பழ ஈக்கள் போய் வந்தன, கொட்டிலுக்குள் பகல் வெப்பம் முப்பது பாகைக்கு மேல். பக்டீரியாவுக்கு வேறென்ன வேண்டும்?

சீனியின் கதையும் இருக்கிறது. அடுத்த போகத்தில் சாற்றின் சீனியை அளக்கும் ரிஃப்ராக்டோமீற்றரால் பழத்தைப் பார்த்தேன், 15 பிரிக்ஸ், அதாவது நூறு கிராம் சாற்றில் ஏறத்தாழ பதினைந்து கிராம் சீனி. அது முழுதும் நொதித்தாலும் மதுசாரம் 8 வீதத்தை ஒட்டித்தான் வரும். ஐரோப்பாவில் வைனுக்கென்று வளர்க்கும் பழம் பெரும்பாலும் 20க்கு மேல் ஏறிய பிறகே வெட்டப்படுகிறது, அது 12 வீதத்தை எட்டும். எங்கள் பழம் சாப்பிடுவதற்கு வளர்ப்பது. மதுசாரம் குறைந்தால் வினாகிரிப் பக்டீரியாவுக்கு எதிர்ப்பும் குறைவு.

இவ்வளவையும் அன்றைக்கே மகனுக்கு விளக்கினேன். ஐயா ஏன் அப்படிச் சொன்னார், அந்த மூன்று விதியும் அவருக்கு எங்கிருந்து வந்தன என்று மட்டும் கேட்கவில்லை. கிழவர் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். இந்த ஆய்வில் என் முதல் பிழை அது.

எடுத்த முடிவும் காரணமும்

முதலில் சட்டம். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் மதுசாரம் உற்பத்தி செய்வதும் விற்பதும் குற்றம். மகன் இதை யோசித்திருக்கவில்லை. கள்ளுக்குத்தான் சட்டம், பழத்துக்கு இல்லை என்று நினைத்தாராம், பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். டிரம்மில் இருந்ததில் இரண்டு போத்தல் ஊறுகாய்க்குப் போனது, மிச்சம் எருக்கிடங்குக்குள்.

இனி வீட்டில் வைன் இல்லை, மிஞ்சும் பழத்துக்குப் பழரசம் என்று தீர்மானித்தோம். பிழிந்து, வடித்து, எண்பது பாகைக்கு மேல் சூடாக்கி, சூட்டோடு கண்ணாடிப் போத்தலில் அடைப்பது. கெட்டுப்போகும் வழிகள் குறைவு, மதுவரிச் சட்டச் சிக்கலும் இல்லை. 2021இல் உர, கிருமிநாசினி இறக்குமதி நின்றதும் விளைச்சல் விழுந்தது. 2022இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றே பாதி நாள் போனது. அந்த இரண்டு வருடத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை, தோட்டம் செத்துப்போகவில்லை என்பதைத் தவிர.

2023: அரைப் பக்கக் கதை

உரிமம் உள்ள ஒரு சிறு உற்பத்தியாளர் யாழ்ப்பாணத்துப் பழம் தேடினார். பேச்சு நன்றாகவே போனது. பழத்தோடு இன்னொன்றும் கேட்டார்: தோட்டத்தின் கதை, அரைப் பக்கம். இந்தக் காலத்தில் வைன் வாங்குபவர் யார் நட்டார், எப்படித் தப்பியது என்பதையும் சேர்த்துத்தான் வாங்குகிறார் என்றார். கனடாவிலிருந்து மகளும் அதையே சொன்னார்.

எழுதும் வேலை என்னிடம் வந்தது. என் குறிப்பேட்டில் ஏற்கெனவே ஒரு கதை இருந்ததே. எரிபொருள் தடை, இடம்பெயர்வு, தப்பிய ஒற்றைக் கொடி, அதிலிருந்து எழுந்த ஆறு பரப்பு. எழுதி முடித்ததும் எனக்கே பிடித்துவிட்டது. மகன் முந்நூறு பிரதி அச்சடித்துவிட்டார்.

இரண்டு தடை வந்தன. முதலாவதைக் காட்டியவர் சட்டம் படித்த ஒரு நண்பர். புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம், 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கம், மதுசார விளம்பரத்தைத் தடை செய்கிறது. வைனை வாங்கத் தூண்டும் வகையில் இப்படி ஒரு துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்தால் அதுவும் விளம்பரம்தான் என்றார். சரி, கதையைப் பழரசத்துக்கு மாற்றுவோம் என்று யோசித்து, புதிய வரைவை ஒரு ஞாயிறு பூசை முடிந்த பிறகு அவர்கள் வீட்டு விறாந்தையில் இருந்து வாசித்துக் காட்டினேன்.

அம்மா சொன்னது

வாசித்து முடித்ததும் ஐயா தலையை ஆட்டினார். அம்மா உள்ளே போய் வந்து, நிலையில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "கிணத்தடிக் கொடி தப்பினது உண்மைதான். ஆனா இந்தப் பந்தல் அதில இருந்து வரேல்லை. தொண்ணூற்றேழில என்ரை அண்ணை வீட்டில இருந்து தடி வெட்டி, ஈரச்சாக்கில சுத்தி, சைக்கிளில கட்டிக்கொண்டு வந்தது நான்."

ஐயா ஒன்றும் பேசவில்லை. எல்லோரும் கிணற்றடிக்குப் போனோம். அங்கே நான் மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டு, பார்க்காமல் விட்ட ஒன்று நின்றது. அந்தக் கொடியின் இலை ஆழமாக வெட்டுப்பட்ட இலை, பந்தல் கொடியின் இலையைப் போல இல்லை. அந்த நேரம் அதில் இருந்த ஒன்றிரண்டு குலையும் வெளிர்பச்சை, பழுத்தாலும் கறுக்காத இனம். தடி வைத்து வளர்க்கும் கொடி தாய்க்கொடியின் அச்சாகத்தான் வரும். வெளிர்பச்சைக் கொடியிலிருந்து இஸ்ரேல் புளூ வராது. இதைச் சொல்ல ஆய்வுகூடம் தேவையில்லை, கண் போதும்.

ஐயா பொய் சொன்னார் என்று நான் எழுதமாட்டேன். 1996இல் எல்லாம் அழிந்து கிடந்த இடத்தில் ஒரு துளிரைக் கண்ட மனிதர் அவர். அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றையும் அந்தத் துளிரோடு முடிந்து வைத்துக்கொண்டார். அவருக்கு அது வயதாக ஆக உறுதியாகியிருக்கிறது, எனக்கு அது எழுத்தில் அழகாக இருந்ததால் உறுதியாகியிருக்கிறது. இரண்டாவதுதான் மோசம்.

பேச்சு அங்கேயே நிற்கவில்லை. வைனைப் பற்றிய கதையும் அம்மாவிடம் இருந்தது. 1990க்கு முன் ஒவ்வொரு நத்தாருக்கும் (கிறிஸ்மஸ்) வீட்டில் வைன் போட்டது ஐயா அல்ல, அம்மா. தன் தாயிடம் பழகியது. பழத்தைச் சாடியில் பிசைந்து, சீனி சேர்த்து, வாயைத் துணியால் கட்டி, ஏழு நாள் காலையும் மாலையும் மரக்கரண்டியால் மேலே மிதக்கும் தோலை அமுக்கிவிடுவாராம். எட்டாம் நாள் வடித்து, போத்தல்களில் கழுத்துவரை நிரப்பி, வாயில் ஒரு பலூனை மாட்டி, அதில் ஊசியால் ஒரு துளை. "பலூன் நிமிந்து நிண்டா வேலை நடக்குது. சோந்து விழுந்தா முடிஞ்சுது, தக்கை அடிக்கலாம்."

எங்கள் பாடப்புத்தகத்தில் இதற்கு நொதிப்புப் பூட்டு என்று பெயர். வாயு வெளியே போகும், காற்று உள்ளே வராது. 2020இல் அந்த நீல டிரம்முக்கு இல்லாமல் போனது இதுதான்.

ஒருவர் ஞாபகத்தை மட்டும் நம்பி ஏற்கெனவே சூடுபட்டிருந்ததால், இந்த முறை மகளிடமும் கேட்டேன். கேள்வியில் பலூன் என்ற சொல்லை நான் எடுக்கவில்லை. நத்தார் வைனைப் பற்றி என்ன ஞாபகம் என்று மட்டும் கேட்டேன். "போத்தலில இருந்த பலூனைக் கழட்டி விளையாடி அடி வாங்கினது" என்றார். மகனுக்கு அப்படி ஒரு ஞாபகமே இல்லை. அவருக்கு விவரம் தெரியவந்த காலத்தில் சீனி கிடைப்பதே அரிது, அம்மா விட்டுவிட்டார், பிறகு தொடங்கவும் இல்லை.

மகன் ஆற்றாமல் கேட்டார்: "அப்ப ஏனம்மா டிரம் போடேக்க சொல்லேல்லை?"

"அப்பரும் நீயும் டிரம்மைச் சுத்தி நிண்டு கதைச்சுக்கொண்டு நிண்டனியள். நான் தேத்தண்ணி கொண்டந்து தந்தனான்."

அன்றைக்குத்தான் ஐயாவின் மூன்று விதிகளும் எங்கிருந்து வந்தன என்று கேட்டேன். துறவிகளின் தோட்டத்தில் அவர் வேலை பழம் வெட்டுவது, காம்பு எடுப்பது, முதல் நாள் பிசைவது. அதற்குப் பிறகு பாத்திரங்கள் உள் அறைக்குப் போய்விடும். "கதவுக்கு அங்கால என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியாது" என்றார், மறைக்கவில்லை. திறந்து கிடந்த பாத்திரத்தை மட்டும் அவர் கண்டிருக்கிறார், அடைத்ததைக் காணவில்லை. அங்கே செய்தது பூசைக்கான இரசம், அதாவது பூசையில் பயன்படும் வைன். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் விதி, பூசைக்குரிய இரசம் முந்திரிகைக் கனியிலிருந்து வந்த இயற்கையானதாகவும் கெட்டுப்போகாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே சீனி கூடாது என்பது அவருக்கு வழிபாட்டோடு வந்த விதி. நத்தார் வைனுக்கு அது பொருந்தத் தேவையில்லை. ஐயா சொன்ன ஒவ்வொன்றும் அது பிறந்த இடத்தில் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

பிறகு நடந்தது

அச்சடித்த முந்நூறு பிரதியும் அடுப்புக்குப் போயின. புதிய கதை எட்டு வரி, பழரசப் போத்தலின் பின்பக்கத்துக்கு. அதில் கிணற்றடிக் கொடிக்கு இரண்டு வரி, ஈரச்சாக்குக்கும் சைக்கிளுக்கும் மூன்று. ஐயா இரண்டு நாள் வீட்டில் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை என்று மகன் சொன்னார். மூன்றாம் நாள் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, தப்பினது தப்பினதுதானே, அதை எடுத்துப்போடாதையும்" என்றார். எடுக்க நான் நினைத்திருக்கவே இல்லை. ஆனால் அவர் அப்படிப் பயந்தது நியாயம்.

உற்பத்தியாளருக்குப் பழம் கொடுத்தோம், அடுத்த சித்திரைப் போகத்தில் இருநூற்றிருபது கிலோ. சீனி ஏறட்டும் என்று வலைக்கு உள்ளே ஒன்பது நாள் கூடுதலாக விட்டதில் 15 பிரிக்ஸ் 17 ஆனது. ஆறில் ஒரு பங்கு வெடித்தும் பறவை கொத்தியும் போனது. வைன் அவருடைய இடத்தில், அவருடைய உரிமத்தின் கீழ், அவருடைய முறைப்படி நடந்தது. அம்மாவை ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். அடைத்த தாங்கியின் மேல் இருந்த கண்ணாடிப் பூட்டில் குமிழி ஏறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பலூன் மலிவு" என்றார்.

வைன் எப்படி? கெட்டுப்போகவில்லை. நல்ல வைன் என்று நான் சொல்லமாட்டேன். புளிப்புத் தூக்கல், உடம்பு போதாது. இஸ்ரேல் புளூவிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் சரியில்லை. அளவு சிறிது, ஏற்றிறக்கக் கூலி பெரிது என்று அடுத்த வருடம் அவர் வாங்கவில்லை. பழரசம் நடக்கிறது. வருமானத்தில் பெரும்பங்கு இன்னமும் அப்படியே சந்தைக்குப் போகும் பழத்திலிருந்துதான்.

மறுபடி செய்தால்

ஒரு தோட்டத்துக்குள் போனால் முதல் நாளே வீட்டில் உள்ள பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, மற்றவர் இல்லாத நேரத்தில், ஒரே கேள்விகளைக் கேட்பேன். "எப்படிச் செய்வீர்கள்" என்பதைவிட "நீங்கள் உங்கள் கையால் செய்தது எது, பார்த்தது எது, கேள்விப்பட்டது எது" என்று பிரித்துக் கேட்பேன். ஐயாவிடம் இந்தக் கேள்வியை 2020இல் கேட்டிருந்தால் அந்தக் கதவு அன்றைக்கே தெரிந்திருக்கும். அப்புறம், பழத்தின் சீனியை மூன்று தரம் அளந்த நான் இலையை ஒரு தரம் பார்த்திருக்கலாம். அது எனக்கே வெட்கம்.

பலூன் முறையை இங்கே அளவோடு எழுதாததற்குக் காரணம் மேலே சொன்ன சட்டம்தான். அது அம்மாவின் ஞாபகமாக மட்டும் இங்கே இருக்கிறது.

கிணற்றடிக் கொடி என்ன இனம் என்பது இன்னும் முடிவாகவில்லை. 1970களில் ஐயா நட்ட முதல் பந்தலில் மிஞ்சியது அது ஒன்றுதான். இந்த மாரிக்குப் பிறகு கத்தரித்தபோது அதிலிருந்து பன்னிரண்டு தடி எடுத்து, செம்பாடும் எருவும் கலந்த பைகளில் வைத்திருக்கிறார்கள். ஏழு துளிர்த்திருக்கின்றன. தண்ணீர் ஊற்றுவது ஐயா.